நாற்பத்தொன்றாம் எண்

தனசிங் ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்ட கேள்வி, கேட்பதற்கு எளிதாகத்தான் இருக்கும். பத்துப் பேர் ஒரே மாதிரி வளர்கிறார்கள், ஒரே மாதிரி படிக்கிறார்கள். அதில் ஒருவன் மட்டும் மாதச் சம்பளத்தை உதறிவிட்டுச் சொந்தமாகத் தொழில் தொடங்குகிறானே, ஏன்? இந்த ஒரு ‘ஏன்’ அவருடைய பதின்மூன்று வருஷத்தைத் தின்றது. தின்றுவிட்டு ஏப்பம்கூட விடவில்லை.

அவர் செகந்திராபாத் தமிழ்க் கிறிஸ்தவர். பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். அப்பா ரயில்வேயில் தண்டவாளம் மாற்றிவிடுகிற பாயிண்ட்ஸ்மேன். தனசிங் எம்.ஏ. முடித்து, ஹைதராபாத்தில் சிறுதொழில் பயிற்சி நிலையம் ஒன்றில் ஆராய்ச்சி உதவியாளராகச் சேர்ந்தார். அரசாங்கம் நகரத்தைச் சுற்றிப் பாறைகளை உடைத்துப் பெரிய ஆலைகளாகக் கட்டிக்கொண்டிருந்த காலம். அந்த ஆலைகளுக்கு போல்ட்டும், அச்சில் மாட்டுகிற புஷ் வளையமும் செய்துகொடுக்கச் சின்ன முதலாளிகள் தேவைப்பட்டார்கள். சின்ன முதலாளியை எப்படி அடையாளம் காண்பது என்று சொல்லித்தருவது நிலையத்தின் வேலை. அதை நிலையத்துக்குச் சொல்லித்தர யாரும் இல்லாததால், 1967இல் தனசிங் அதையே தலைப்பாக வைத்து முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்துகொண்டார். வழிகாட்டி பேராசிரியர் ராஜாராமன். அவரும் செகந்திராபாத்தில் வேரூன்றிய தமிழர்தான், பொருளாதாரத் துறை.

இந்தக் கேள்விக்கு உலகத்தில் அப்போதே மூன்று கட்சிகள் இருந்தன. கையில் முதல் இருந்தால் எவனும் தொழில் தொடங்குவான் என்றது ஒரு கட்சி. முதல் போதாது, பிறந்த குலமும் மதமும் பழக்கி வைத்திருக்க வேண்டும் என்றது இன்னொன்று. மூன்றாவது கட்சிக்காரர்கள் மனசு சாஸ்திரக்காரர்கள். பணமும் வேண்டாம் குலமும் வேண்டாம், உள்ளே ஒரு பசி இருக்கிறது, அதற்குச் சாதனை ஊக்கம் என்று பெயர், அதை அளந்துவிடலாம் என்றார்கள். தனசிங் மூன்றையும் கரைத்துக் குடித்தார். நானூறு அட்டைகளில் குறிப்பெடுத்தார். எடுத்து முடித்தபோது மூன்றாவது கட்சியில் சேர்ந்திருந்தார். பாயிண்ட்ஸ்மேன் மகனுக்கு முதலும் கிடையாது, வியாபாரக் குலமும் கிடையாது. மூன்றாவது கட்சி சொல்வது மெய்யானால், யார் வீட்டுப் பிள்ளைக்கும் கதவு திறந்திருக்கிறது என்று அர்த்தம். அது மெய்யாக இருக்க வேண்டும் என்று அவர் ஆசைப்பட்டார். ஆராய்வதற்கு முன்பே ஆசைப்படுவது ஆராய்ச்சிக்காரனுக்கு ஆகாது. அவருக்கும் அது தெரியும், இருந்தும் ஆசைப்பட்டார்.

அளக்கிற விதம் இதுதான். ஆறு படங்கள். ஒவ்வொன்றையும் காட்டி, இதில் என்ன நடக்கிறது, இந்த ஆள் என்ன நினைக்கிறான், இனி என்ன ஆகும் என்று ஒரு சின்னக் கதை எழுதச் சொல்ல வேண்டும். கதையில் வருகிற ஆள் எதையாவது நன்றாகச் செய்ய வேண்டும் என்று தவிக்கிறானா, வழி யோசிக்கிறானா, தடை வந்தால் சுற்றிப் போகிறானா என்று பார்த்து மதிப்பெண் போட வேண்டும். எழுதுகிறவன் மனசு, அவன் இட்டுக்கட்டுகிற ஆளின் மேல் வந்து நிற்கும் என்பது நம்பிக்கை.

நிலையத்துக்குப் பயிற்சிக்கு வந்த அறுபது பேரிடம் எழுதி வாங்கியாயிற்று. ஒப்பிட்டுப் பார்க்க, சொந்தத் தொழில் என்ற நினைப்பே இல்லாத இன்னொரு அறுபது பேர் வேண்டும். அதற்கென்ன பஞ்சம்? தனசிங்கின் சபை முழுக்க அவர்கள்தான். லாலாகுடா ரயில்வே ஒர்க்‌ஷாப் ஆட்கள். சைரன் ஊதினால் சைக்கிளை எடுப்பார்கள், மறுபடி ஊதினால் வீட்டுக்குத் திருப்புவார்கள்.

ஆனால் அவர்களை ஓர் அறையில் ஒரே நேரத்தில் உட்காரவைக்க முடியவில்லை. பாதிப் பேருக்கு ஷிப்ட், மீதிப் பேருக்கு ஓவர்டைம். சபையின் கூடத்தைக் கேட்டால் கல்யாணம், பாட்டுக் குழு, ஏதோ ஒன்று. மூன்று மாதம் அலைந்து அலுத்த தனசிங், 1969 ஜூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும், படங்கள் ஒட்டிய புத்தகத்தை ஆளுக்கொன்று கையில் கொடுத்து, வீட்டில் எழுதி அடுத்த ஞாயிறு கொண்டுவரச் சொல்லிவிட்டார். பிறகு ஒவ்வொருவரையும் தனியாக உட்காரவைத்து ஒரு மணி நேரம் வேலையைப் பற்றியும் குடும்பத்தைப் பற்றியும் விசாரித்தார். ஆய்வேட்டில், விதிமுறைப்படி எழுதி வாங்கப்பட்டது என்று ஒரு வரி எழுதிக்கொண்டார்.

அறுபது புத்தகங்களில் நாற்பத்தொன்றாம் எண் ஐசக்குடையது. ஐசக் லேத் ஓட்டுபவர், முப்பத்தாறு வயது, அதிகம் பேசமாட்டார். கடைசல் பிடித்த இரும்பைத் தடவிப் பார்த்தே அளவு சொல்லிவிடுவார் என்று ஒர்க்‌ஷாப்பில் பேச்சு. நான்காவது படம், இயந்திரத்தின் பக்கத்தில் நின்றுகொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்க்கிற ஒரு தொழிலாளி. மற்றவர்கள் எல்லாரும், இவனுக்கு வீட்டு ஞாபகம் வந்துவிட்டது, பெண்ணுக்குக் கல்யாணம், சாப்பாட்டு மணி எப்போது அடிக்கும் என்று எழுதியிருந்தார்கள். நாற்பத்தொன்றில் இப்படி இருந்தது:

“இவன் வெளியே பார்க்கவில்லை. கண் அங்கே இருக்கிறதே தவிர நினைப்பு இயந்திரத்தில்தான். ஒரு நாளைக்கு நாற்பது புஷ் கடைகிற இடத்தில் அறுபது கடைய வழி இருக்கிறது. மேலதிகாரியிடம் சொன்னால் கேட்கமாட்டார். அவர் கேட்கமாட்டார் என்பதற்காக விட்டுவிட இவனுக்கு மனசில்லை. முதலில் தகரத்தில் ஒரு மாதிரி செய்து பார்ப்பான். சரியாக வராது. ஏன் வரவில்லை என்று கண்டுபிடித்து மறுபடி செய்வான். இவன் ஒருநாள் இந்த ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருப்பான்.”

தனசிங் படித்துவிட்டு நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். நூற்றிருபது பேரில் இதுதான் உச்ச மதிப்பெண். அதுவும் ஒரு லாலாகுடா குவார்ட்டர்ஸிலிருந்து.

எழுதியவனிடம் மதிப்பெண்ணைச் சொல்லவே கூடாது என்பது இந்தச் சோதனையின் முதல் விதி. தனசிங் அந்த ஞாயிறு வரைக்கும்தான் தாங்கினார். கோயில் வாசலில் ஐசக்கைப் பிடித்துக்கொண்டு, “ஐசக்கு, நூத்திருவது பேர்ல நீருதான்வே முதல். உமக்குள்ள என்னமோ இருக்கு. நீரு சைரனுக்கு ஓடுத ஆளு இல்ல” என்று சொல்லிவிட்டார்.

“எனக்கா அண்ணாச்சி?” என்றார் ஐசக். பின்னால் திரும்பி வேறு யாரையாவது சொல்கிறாரா என்று பார்த்தார். பக்கத்தில் அவர் மனைவி லோயிஸ் நின்றாள். பாளையங்கோட்டையில் பதினொன்றாம் வகுப்பு முடித்து, கல்யாணமாகி இங்கே வந்தவள். அவள் முகம் சிவந்துபோயிற்று. புருஷனை நினைத்துப் பெருமைப்படுகிறாள் என்று தனசிங் எண்ணிக்கொண்டார்.

எட்டு மாதத்தில் ஐசக் ரயில்வே வேலையை விட்டார். தனசிங்கே விண்ணப்பம் எழுதி, நிலையத்தின் சிபாரிசோடு, தொழிற்பேட்டையில் ஒரு ஷெட் வாங்கிக்கொடுத்தார். ஒரு லேத், ஒரு டிரில்லிங் மிஷின். பொதுத்துறை ஆலை ஒன்றுக்குப் புஷ் கடைந்து கொடுக்கிற வேலை. திறப்பு நாளில் போதகர் ஜெபித்தார். தனசிங்குக்குத் தலைகால் புரியவில்லை. ஆய்வேட்டில் ஐசக்குக்கு ஒரு தனி அத்தியாயம் ஒதுக்கினார்.

ஒதுக்காமல் என்ன செய்வார்? பயிற்சிக்கு வந்த அறுபது பேர் காலை வாரிவிட்டிருந்தார்கள். அவர்களில் தொழில் தொடங்கியவர்களை ஊர் ஊராகப் போய் விசாரித்தால், மாமனாருக்கு நிலம் இருந்தது, அண்ணன் ஏற்கெனவே ரைஸ்மில் வைத்திருந்தான் என்று முதல் கட்சியும் இரண்டாவது கட்சியும் சிரித்துக்கொண்டு எதிரே வந்தன. கையில் முதல் இல்லாமல், குலப் பழக்கம் இல்லாமல், மதிப்பெண் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு கிளம்பியவர் ஐசக் ஒருத்தர்தான். மூன்றாவது கட்சி அந்த ஒரு மனிதர் மேல் நின்றது.

ஐசக் கடைந்த புஷ்ஷில் ஒருவரும் குறை சொன்னதில்லை. ஆனால் சின்ன முதலாளிக்கு இரும்பைத் தெரிந்தால் போதாது. கொள்முதல் அதிகாரியின் அறை வாசலில் பெஞ்சில் உட்கார்ந்திருக்க வேண்டும், உள்ளே போய்ச் சிரிக்க வேண்டும், போன தடவை வாங்கியதைவிட இந்தத் தடவை கூடுதலாக வாங்கச் சொல்லிக் கேட்க வேண்டும். ஐசக்குக்கு அந்த பெஞ்சில் உட்கார்ந்தாலே வியர்த்துவிடும். ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு திரும்பிவிடுவார். ஐந்தாவது வருஷம் ஆலை தன் புஷ்ஷைத் தானே செய்துகொள்ளத் தொடங்கியது. ஷெட்டைப் பூட்டினார்கள். ரயில்வே திரும்ப எடுத்துக்கொள்ளாது. ஐசக் அதே தொழிற்பேட்டையில் வேறொருவர் கம்பெனிக்கு வாட்ச்மேன் ஆனார். தான் புஷ் கடைந்த ஷெட்டின் வாசல் வழியாகவே தினமும் காவலுக்குப் போய்வந்தார்.

தனசிங் ராஜாராமனிடம் போய் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றார். ராஜாராமன் அசரவில்லை.

“தொடங்கினானா இல்லையா? நம்ம ஆராய்ச்சியிலே வரையறை என்ன ஓய்? தொழில் தொடங்கறவன். மூடினானா, ஓடினானாங்கறது நமக்கு விஷயமே இல்லே” என்றார்.

அது அறிவுப்பூர்வமாகச் சரிதான். வீட்டுக்கு வந்து தனசிங் அன்று சாப்பிடவில்லை. மனைவி ஜெயசுந்தரி, எப்போது முடியும் என்று கேட்பதை அந்த வருஷத்தோடு விட்டுவிட்டாள். வீட்டின் முன்னறையை அட்டைப்பெட்டிகள் பிடித்துக்கொண்டதைப் பற்றியும் அவள் பேசுவதில்லை. அவள் திட்டியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

பல்கலைக்கழகம் இரண்டு முறை காலம் நீட்டிக் கொடுத்தது. மூன்றாவது நீட்டிப்புதான் கடைசி என்று கடிதமே வந்துவிட்டது. 1980 மார்ச் 31க்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் பதிவு ரத்து. எல்லாம் தட்டச்சாகி முடிந்திருந்தது. ஒரே ஒரு குறை. பத்து வருஷம் கழித்து அதே படங்களைக் காட்டி மறுபடி எழுதி வாங்கினால் முடிவு உறுதிப்படும் என்று ராஜாராமன் சொல்லியிருந்தார். 1979 நவம்பரில் ஒரு சாயங்காலம் தனசிங் ஐசக்கின் வீட்டுக்குப் போனார். குவார்ட்டர்ஸ் போனபிறகு அவர்கள் லாலாகுடாவிலேயே ஓர் ஓட்டு வீட்டின் பின்பாதியில் குடியிருந்தார்கள்.

ஐசக் காவலுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். காக்கிச் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டே புத்தகத்தை வாங்கி, புரட்டிக்கூடப் பார்க்காமல் உள்ளே நீட்டினார்.

“ஏ லோயிஸு, அண்ணாச்சி திரும்பப் படம் கொண்டாந்திருக்காவ பாரு. எழுதிக் குடுத்திரு” என்றார். தனசிங்கிடம் திரும்பி, “எனக்கு நேரமாச்சு அண்ணாச்சி, கோவிச்சுக்கிடாதிய. ரெண்டு நாள்ல அவ எழுதிருவா” என்றார்.

“அவங்களா எழுதுவாங்க?” என்றார் தனசிங்.

“ஹவ், ஆமா. போன தடவையும் அவதான எழுதுனா. நமக்கு ஏது எழுத்தெல்லாம்? லீவு லெட்டர்லேர்ந்து அவதான்” என்று சொல்லிவிட்டு ஐசக் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார். தான் சொன்னதில் ஏதும் விசேஷம் இருப்பதாக அவருக்குத் தோன்றவில்லை. அந்த மதிப்பெண், தனசிங் ஒரு மணி நேரம் உட்காரவைத்துக் கேட்ட கேள்விகளுக்கும், அப்போது அவர் புரட்டிப் பார்த்த தன் கைகளுக்கும் கிடைத்தது என்றுதான் அவர் பத்து வருஷமாக நினைத்திருந்தார். ரத்தம் எடுத்துப் பார்க்கிற டாக்டரிடம், எதில் கண்டீர்கள் என்று யார் கேட்கிறார்கள்?

தனசிங் அங்கே கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்தார். குவார்ட்டர்ஸ் வீடுகளில் எந்தத் தாள் வந்தாலும் படித்த பெண்பிள்ளை கைக்குப் போகும். ரேஷன் மனு, பள்ளிக்கூடப் பாரம், ஊருக்குக் கடிதம், எல்லாம். அவருடைய அப்பா பெயரில் போன கடிதங்கள் அத்தனையும் அவருடைய அக்கா எழுதியவை. அதே வீட்டில் வளர்ந்த மனிதர், அறுபது புத்தகங்களை வீட்டுக்குக் கொடுத்தனுப்பியபோது இதை ஒரு கணம்கூட நினைக்கவில்லை.

லோயிஸ் புத்தகத்தைப் பிரிக்காமல் மடியில் வைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள்.

“அந்த மார்க்கு யாருதுன்னு ஒனக்குத் தெரியுமா?” என்று தனசிங் கேட்டார்.

“அன்னிக்கே தெரியும் அண்ணாச்சி. கோயில் வாசல்ல நீங்க சொல்லும்போதே தெரியும்.”

“சொல்லியிருக்கலாம்லா? ஒரு வார்த்த சொல்லியிருந்தா அவன் வேலய விட்டிருக்க மாட்டானே.”

அவள் மடியிலிருந்த புத்தகத்தை எடுத்துக் கீழே வைத்தாள். பிறகு சத்தம் உயராமல் சொன்னாள்: “சொன்னா எனக்கு ஷெட் குடுத்திருப்பியளா? அறுவது பேர்ல ஒரு பொம்பளையக் கூட நீங்க கேக்கலயே. இவிய பேர்ல கிடைச்சா போதும், பின்னால நின்னு நான் ஓட்டிருவேன்னு நெனச்சேன். ஆபீஸ்ல போயி நான் பேசுதேன்னு சொன்னேன். பொண்டாட்டிய அனுப்புதான்னு ஊரு சிரிக்கும்னு இவிய விடல. எனக்கு ஆச அண்ணாச்சி. என் ஆசைக்கு இவியளக் கொண்டுபோயி அந்த பெஞ்சில உக்கார வச்சிட்டேன்.”

அவள் அழவில்லை. பத்து வருஷத்தில் அழுது முடித்திருப்பாள். தனசிங்குக்குத்தான் கண் கலங்கியது, அதற்காக வெட்கமாகவும் இருந்தது. கோட்பாடு பொய்யாகவில்லை என்பதை அவர் அப்போதே உணர்ந்தார். அந்தப் பசி இருந்தது. அவர் அளந்த இடத்தில்தான் இல்லை. இருந்த இடத்தை அவரோ, நிலையமோ, உலகத்து மூன்று கட்சிகளுமோ திரும்பிப் பார்க்கவில்லை.

அடுத்த இரண்டு வாரம் மற்ற வீடுகளுக்கு அலைந்தார். பாதிப் பேர் இறந்தும் மாற்றலாகியும் போயிருந்தார்கள். இருந்தவர்களில் பலருக்கு ஞாபகமே இல்லை. ஞாபகம் இருந்தவர்கள், மகள் எழுதினாள், மச்சினி எழுதினாள் என்று சாதாரணமாகச் சொன்னார்கள். ஒருவர், பக்கத்து வீட்டு டீச்சர் மூன்று புத்தகத்தை ஒரேயடியாக எழுதிக் கொடுத்ததாகச் சொல்லிச் சிரித்தார். தனசிங்கும் கூடச் சிரித்துவைத்தார்.

நடந்ததையெல்லாம் பன்னிரண்டு பக்கத்தில் எழுதி ஆய்வேட்டில் சேர்த்து, பிப்ரவரியில் ராஜாராமனிடம் கொடுத்தார். ராஜாராமன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டுப் பேசினார்.

“இந்தப் பன்னெண்டு பக்கத்தை வச்சுண்டு போனா, மீதி முந்நூறு பக்கமும் குப்பைன்னு நீரே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மாதிரி. எடுத்துடும். யாரும் லாலாகுடாவுக்குப் போய் விசாரிக்கப் போறதில்லே. உமக்கு வயசு நாப்பத்தெட்டு ஆறது தனசிங். அடுத்த வருஷம் நான் ரிடையர்ட். அப்புறம் உம்மை யார் ஏத்துப்பா?”

அவர் கெட்டவர் இல்லை. பதின்மூன்று வருஷம் தன் மாணவனுக்காகக் கையெழுத்துப் போட்டவர். அவர் சொன்ன ஒவ்வொன்றும் அக்கறையில் சொன்னது.

தனசிங் பன்னிரண்டு பக்கத்தையும் எடுத்துவிட்டார். எடுத்து, நான்கு பிரதிகளை பைண்டு செய்தார். மார்ச் 31 காலையில் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, பிரதிகளைப் பையில் வைத்துக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்குப் போனார். முதல் பஸ் வந்தது, ஏறவில்லை. கூட்டமாக இருந்தது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். இரண்டாவது பஸ்ஸில் கூட்டமில்லை. அதிலும் ஏறவில்லை. மத்தியானம் வரைக்கும் வெயிலில் நின்றுவிட்டு வீட்டுக்குத் திரும்பினார். உண்மைக்காக உயிரைக் கொடுத்தார் என்று இதை யாரும் உயர்த்திப் பேச வேண்டாம். அவருக்குத் துணிச்சல் இல்லை, அவ்வளவுதான். பொய்யைக் கொண்டுபோய்க் கொடுக்கவும் துணிச்சல் இல்லை, மெய்யைக் கொடுக்கவும் இல்லை. பதிவு ரத்தானது. அவர் ஆராய்ச்சி உதவியாளராகவே இருந்தார். கேள்வி கேட்பார்கள் என்று பயந்து வேறு சபைக்குப் போகத் தொடங்கினார்.

இரண்டு வருஷம் கழித்து ஒரு ஞாயிறு மத்தியானம் ஐசக்கும் லோயிஸும் அவர் வீடு தேடி வந்தார்கள். ஐசக்குக்குத் தலை முழுக்க நரைத்திருந்தது. சலவைச் சட்டை போட்டிருந்தார். ஜெயசுந்தரி தேநீர் கொடுத்துவிட்டு உள்ளே போனாள்.

“ஒரு ஒதவி அண்ணாச்சி” என்றார் ஐசக். “ஒரு ஒர்க்‌ஷாப்புல லேத்துக்கு ஆள் எடுக்காவ. கை இன்னும் நல்லாத்தான் ஓடுது. ஆனா போற எடமெல்லாம் ரயில்வே வேலய எதுக்கு விட்டன்னு கேக்காவ. குடிச்சியா, திருடுனியான்னு ஒருத்தன் கேட்டுட்டான். எனக்குப் பதில் சொல்லத் தெரியல. அந்த மார்க்கு இருக்குல்லா, நூத்திருவது பேர்ல நாந்தான் முதல்னு. அத ஒரு தாள்ல எழுதித் தாங்க. கிறுக்குப் பிடிச்சு விடல, படிச்சவிய பாத்துச் சொல்லித்தான் விட்டேன்னு காட்டணும்.”

தனசிங் லோயிஸைப் பார்த்தார். அவள் தேநீர் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

“உங்க மேல குத்தமில்ல அண்ணாச்சி” என்றார் ஐசக். “நீங்க சரியாத்தான் கண்டுபிடிச்சிய. எனக்குள்ள இருந்திருக்கு. நாந்தான் அத வீணாக்கிட்டேன்.”

“எழுதிக் குடுங்க அண்ணாச்சி” என்றாள் லோயிஸ்.

தனசிங் மேஜையில் உட்கார்ந்து ஆங்கிலத்தில் எழுதினார். இன்ன வருஷம், இன்ன சோதனையில், நூற்றிருபது பேரில் திரு. ஐசக் முதலிடம் பெற்றார். பேனாவைத் தூக்கியபோது ஐசக் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

“பேருக்கு முன்னால டாக்டர்னு போட்டுருங்க அண்ணாச்சி, அதுக்கு ஒரு மரியாத இருக்கும். உங்களுக்குப் பட்டம் வந்துட்டுல்லா?”

“வந்துட்டு” என்றார் தனசிங்.

“நல்லது” என்றார் ஐசக், நிஜமான சந்தோஷத்தோடு. “என்னால உங்களுக்காவது ஒரு பிரயோசனம் ஆச்சே.”

தனசிங் பெயருக்கு முன்னால் டாக்டர் என்று போட்டு, தாளை அவரிடம் கொடுத்தார்.